பயிற்சிப் பொம்மையின் உறையைக் கழற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஜன்னலோரப் படுக்கை நோயாளியின் மகள் (வயது பதினேழு),
புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
மருத்துவப் பணிகள் இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: செவிலியர் பயிற்சி அறையைத் திறப்பதும், என் அம்மாவுக்கு மருந்து ஏற்றிய செவிலியரைத் திரும்ப அழைப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. கண்காணிப்பாளர் அறையிலும் வரவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, செவிலியர் மேல் புகார் என்று தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. என் புகார் வேறு. அதை நானே எழுதுகிறேன். அம்மாவுக்குத் துணையாக இருக்க ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருளவும். விஷயத்தில் பிழை இல்லை.

2. சென்ற முறை அம்மாவின் வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து சதைக்குள் இறங்கியது. "எரியுதும்மா" என்று அம்மா சொன்னார். செவிலியர் அக்கா பணிக்குப் புதியவர். "முதல்ல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்மா, பொறுத்துக்கோங்க" என்றார். கை வீங்கியதும் அவரே பதறி நிறுத்தி, மருத்துவரை அழைத்தார். அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் அம்மாவின் கைக்கு ஒத்தடம் கொடுத்தார். ஆனாலும் புறங்கை வெந்து புண்ணாகிவிட்டது. அம்மாவால் இன்னும் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

3. சிகிச்சைக் கூடத்துக்கு எதிரில், ஊசி போட்டுப் பழகுவதற்கான ஆளுயரப் பொம்மையோடு, பயிற்சி அறை இருக்கிறது. தாங்கள்தான் திறந்து வைத்தீர்கள். பொம்மையின் தோளில் கை வைத்தபடி தாங்கள் நிற்கும் படம் வாசலில் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தில் பொம்மைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறது. இன்றும் அதே உறைதான். பெரியவர்கள் பார்வையிட வந்தால் விளக்கைப் போட்டு, உறையின் மேல் தூசி தட்டுவார்கள். மற்ற நாட்களில் பூட்டு.

4. செவிலியர்கள் பழகக் கேட்டால், சாவி வைத்திருக்கும் பொறுப்பாளர் அம்மா சொல்வது இது: "ஆளாளுக்குக் குத்தினா அது என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு மேலிடத்துல கேட்டா நீயா பதில் சொல்லுவ?" அவரும் பயத்தில்தான் பூட்டுகிறார் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் குத்துவதற்காகவே செய்த பொம்மை அது. தோல் கிழிந்தால் மாற்ற, மாற்றுத் தோலும் பெட்டியில் கூடவே வந்திருக்கிறதாம். இதைக் கேட்டு என் அம்மா, "எனக்கு மட்டும் பெட்டி வரலையே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

5. இன்னொன்றும் அறிந்தேன். ஊசி விலகியதும் அந்தப் பொம்மை "எரியுது" என்று சொல்லுமாம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் கை தானாக மருந்தை நிறுத்தும் வரை செவிலியர்கள் பழக வேண்டுமாம். அக்கா அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டது என் அம்மாவின் வாயிலிருந்து.

6. நான் தையல் கடையில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறேன். வெட்டுத்துணியில் கை நேராக வரும் வரை, கடைக்காரர் என்னை ஒரு சட்டையையும் தொட விடவில்லை. சட்டைக்கு அவ்வளவு பார்க்கிறார்கள், ஐயா.

7. இப்போது அக்காவைப் படுக்கை விரிப்பு எண்ணும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவரும் பொம்மையைக் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்தவர். ஆளை மாற்றினார்கள், பூட்டை மாற்றவில்லை. அம்மா சொன்னது: "அந்தப் பொண்ணு ஒரு தடவை சுட்டுக்கிட்டா. பழகிட்டு அவளே வரட்டும். என்னைப் பார்த்தா அவ கை பயப்படும், ஆனா அவசரப்படாது."

8. வரும் வியாழக்கிழமை அடுத்த மருந்து. தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் இருப்பது இடது கை. பொம்மையின் கையில் பழகாத யாருக்கும் அதை நீட்டப் போவதில்லை என்று அம்மா முடிவு செய்துவிட்டார். நானும் அவர் பக்கம்தான்.

ஆகவே, அதற்குள் அறையைத் திறந்து, உறையைக் கழற்றி, அக்காவையும் மற்றவர்களையும் பழக விடும்படி உத்தரவிட வேண்டுகிறேன். உத்தரவு வராவிட்டாலும் வியாழக்கிழமை காலை நாங்கள் வருவோம். சிகிச்சைக் கூடத்துக்குள் போக மாட்டோம். எதிர் அறை வாசலில், தங்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்போம். அம்மாவுக்குக் காத்திருந்து பழக்கம். எனக்குப் பேசாமல் இருந்து பழக்கம். எங்களை எழுப்ப ஆள் அனுப்புவதைவிடச் சாவி அனுப்புவது சுலபம்.

இடம்: பயிற்சி அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
மகள் (கையொப்பம்)

மேலே எழுதியதை வாசிக்கக் கேட்டுச் சம்மதித்து, வலது கை பேனா பிடிக்காததால் இடது கையால் போட்டது:
அம்மா (கையொப்பம்)