களிமண்ணில் வெட்டிய குழிகள்

மழையில் ஒரு மேடு கரைந்து, அதில் புதிதாக வைத்த மாங்கன்று பட்டுப்போயிருந்தது. காலையில் பிடுங்கினேன். வேரெல்லாம் கறுத்துச் சாக்கடை வாடை அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

நீங்கள் சாமல்பட்டிச் செம்மண்ணில் மாந்தோப்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. நான் பாரூர் ஏரிக்குக் கீழே, நெல் விளையும் களிமண்ணில் வளர்ந்தவள். நம் கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்த நிலத்தில் பெங்களூரா ரக மாங்கன்று வைக்க, உங்கள் ஊர் வழக்கப்படி ஆழமாகக் குழி வெட்டினீர்கள். டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து எருவோடு கலந்து நிரப்பினீர்கள்.

"குழி வேணாங்க. இது தண்ணிய வுடாத மண்ணு. மேடு கட்டி மேல வைங்க" என்றேன்.

"நெல்லு நடறவளுக்கு மாமரத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மழை வந்தது. சுற்றிலும் இறுகிய களி, நடுவில் பொலபொலவென்று செம்மண். வயல் தண்ணீரெல்லாம் குழிகளுக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்றது. கன்றுகள் குடத்துக்குள் நட்டதுபோல் அழுகின. ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் போட்டீர்கள்.

மறுவருஷம் நான் சொன்னபடி மேடு கட்டி, நடுவே வடிகாலும் வெட்டினீர்கள். ஆனால் மரம் காய்க்கும்வரை ஓசூர் கம்பெனி வேலையை விட முடியாது என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ்ஸில் வருவீர்கள், வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டு. "மொத காய்ப்பு வரட்டும், கம்பெனிக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடறேன்" என்பீர்கள். நெஞ்சு வலிப்பதை மட்டும் சொல்லவே இல்லை. போன ஐப்பசியில் மெஷினுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டதாகச் சொல்லிக் கொண்டுவந்து போட்டார்கள்.

நம் வழக்கப்படி சொந்த நிலத்தில்தான் புதைத்தோம். வெட்ட வெட்டக் குழியில் தண்ணீர் ஊறியது.

"ரெண்டு வண்டி செம்மண்ணு கொட்டிக்கலாம் அண்ணி" என்றார் உங்கள் தம்பி.

"செம்மண்ணு பேச்சே எடுக்காதீங்க!" என்று கத்தினேன். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். வாளியால் இறைத்து இறைத்துத்தான் உங்களை உள்ளே இறக்கினார்கள்.

இந்தக் கோடையில் மரங்கள் முதன்முதலாகக் காய்த்தன. காவேரிப்பட்டினத்து வியாபாரி வந்து பார்த்து, நல்ல காய் என்றார். எல்லாம் உங்கள் உழைப்பு என்கிறது ஊர். நானும் தலையாட்டுகிறேன். முதலிலேயே மேட்டில் வைத்திருந்தால் போன கோடையிலேயே காய்த்திருக்கும். ஐப்பசியில் நீங்கள் என்னோடு இங்கே இருந்திருப்பீர்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள்மேல் உள்ள கோபத்தை உங்களிடம் தவிர வேறு யாரிடம் நான் காட்ட முடியும்?