ஹவுழில் விட்ட மீன்கள்

2014 பெப்ரவரி 9, ஞாயிறு

காலையில் பாணும் பருப்பும். முழங்காலுக்கு எண்ணெய் பூசினேன்.

பேத்தி ஸுஹைராவைக் கேட்ட கற்பிட்டி ஆட்கள் வருகிற ஞாயிறு வீடு பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை இங்கேதான் வந்து இருக்கப் போகிறார், நமது வழக்கம் அது. அப்படியென்றால் பெண்ணை மட்டுமா பார்ப்பார்கள்? சுவர், கதிரை, கூரை எல்லாவற்றிலும் கண் போகும். 'மன்னாரில் இருந்து வந்த அகதி வீடு' என்ற நினைப்பும் அந்தக் கண்ணில் இருக்கும். எனக்குத் தெரியாதா?

மருமகன் நஸீம் சிலாபத்தில் ஓர் இறால் பண்ணை முதலாளி வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனபோது ஒரு மீன் தொட்டி பார்த்தாராம். ஆள் நீளத்துக்கும் மேலே. வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள், மீனோடு தருகிறார்கள். "மாமி, அது நம்மட ஹோலுக்குள்ள அடங்காது" என்றார். அடங்கும் என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தொட்டி வந்துவிட்டது. வெங்காய லொறியில் தும்பு மெத்தை விரித்து, சாக்கு சுற்றி, நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாசலால் போகவில்லை. சரித்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். "கதவக் கழட்டினாலும் போகாது மாமி" என்றார் நஸீம். அப்போ யன்னலைக் கழற்றுங்கள் என்றேன். சட்டம், கம்பி எல்லாம் கழற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது. பார்க்கட்டுமே.

உள்ளே இறக்கும்போது ஒரு மூலை நிலத்தில் முட்டிவிட்டது. கண்ணாடி தப்பியது, ஒட்டு விட்டுவிட்டது. புதுப் பசை பூசியிருக்கிறது. அது காயும்வரை தண்ணீர் விடக் கூடாதாம்.

அதுவரை மீனை என்ன செய்வது? ஒஸ்கார் என்று பெயர். கறுப்பு உடம்பில் நெருப்புப் பட்ட மாதிரி செம்மஞ்சள், ஒவ்வொன்றும் என் கை அளவு. பிளாஸ்டிக் பரலுக்குள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அந்த நேரம்தான் மோதினார் ஹாசிம் சாப்பாடு எடுக்க வந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வீடு சோறு கொடுக்கும். செவ்வாய் எங்கள் முறை. அவரைக் கண்டதும் எனக்குப் பள்ளி ஹவுழ் நினைவு வந்தது. தொழமுன் கைகால் கழுவி வுழூ செய்கிற அந்தத் தொட்டியில் எப்போதும் சின்ன மீன்கள் நீந்தும். மீனோடு மீனாக இதுகளும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று அவரிடம் கேட்டேன்.

"வேணாம் உம்மா. அது பள்ளிட மீன். நிர்வாகத்தக் கேக்காம வேற மீன் விடேலாது."

"ஜெய்னம்பு சொன்னதெண்டு சொல்லுங்க. ஆர் என்ன சொல்லுறாங்க எண்டு பாப்பம்."

அவர் கையில் இருந்த சோற்றுக் கரியரைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

லுஹர் தொழுது எல்லாரும் போனபிறகு நஸீம் கொண்டுபோய் விட்டார்.

பெப்ரவரி 13, வியாழன்

பசை காய்ந்துவிட்டது, மீனை எடுப்போமா என்று நஸீம் கேட்டார். கழற்றின யன்னல் இன்னும் திரும்பப் பூட்டி முடியவில்லை, திரைச்சீலை தைத்து வரவில்லை. எல்லாம் வடிவாக முடியட்டும், நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு எடுப்போம் என்றேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

மற்ற நாளில் வருகிற சிலர் பைப்பில்தான் வுழூ செய்வார்கள்; இன்று ஜும்ஆக் கூட்டத்தில் ஹவுழுக்குப் போனவர்கள் கண்டார்களாம். ஹவுழில் சின்ன மீன் ஒன்றும் இல்லை. செதிலும் வாலும் மிதக்கிறது. பிள்ளைகள் பாண் போட்டுப் பழக்கின கிழட்டுச் சிவப்பு மீன் மட்டும், பிய்ந்த வாலோடு படி மூலையில் ஒளிந்து நின்றதாம். மற்றதெல்லாம் என் மீனின் வயிற்றுக்குள்.

நிர்வாகத் தலைவர் சரீப் ஹாஜியார் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். "ஆர் விட்டது?"

"நான்தான் ஹாஜியார்" என்றாராம் ஹாசிம்.

"ஆர்ட மீன்?"

"தெரிஞ்ச வீட்டு மீன்."

அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. பள்ளிச் சொத்தைக் காக்கத் தெரியாதவர் மாதக் கடைசியோடு போகலாம் என்று முடிவாகிவிட்டது. நஸீம் பக்கத்தில்தான் நின்றாராம். "மாமி, நான் போய்ச் சொல்லிட்டு வாறன்" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "வாயத் திறக்காதீங்க மருமகன். ஞாயித்துக்கிழம ஆட்கள் வருது."

அதுதான் சொன்னேன். இந்த வாயால்தான்.

பெப்ரவரி 15, சனி

மீனை அள்ளி வெளியே கொட்டச் சொன்னார்களாம். ஹாசிம் கொட்டவில்லை. பரலில் போட்டு, ஒருவருக்கும் தெரியாமல் எங்கள் பின்வாசலில் வைத்தார். சலாம் சொன்னார். பதில் சொன்னேனா? சத்தம் வெளியே வந்ததா தெரியவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

வந்தார்கள். வட்டிலப்பம் நன்றாக வந்திருந்தது. தொட்டியைக் கண்டதும் எல்லாரும் எழும்பிப் போய் நின்றார்கள். இதற்குத்தானே யன்னலைக் கழற்றினேன்.

மாப்பிள்ளையின் உம்மா கண்ணாடியில் விரல் வைத்துக் கேட்டா, "மாஷா அல்லாஹ், என்ன கொழுப்பு. என்ன திங்கக் குடுக்கிறீங்க?"

"பாண்" என்றேன்.

ஸுஹைரா தேத்தண்ணித் தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

பெப்ரவரி 17, திங்கள்

தூக்கம் இல்லை. மீனுக்கு இரை போடவில்லை. அதுகள் கேட்கவும் இல்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

எங்கள் முறை. மீன் பொரித்திருந்தேன், கரியரில் வைக்கக் கை போகவில்லை. முட்டை வைத்தேன். ஹாசிம் எப்போதும் போல வந்தார், எப்போதும் போலக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார்.

"அடுத்த செவ்வாயோட சரி உம்மா. புள்ளைகள இப்பதான் இஞ்ச பள்ளிக்கூடத்துல சேத்த. திரும்ப மாம்புரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்."

என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கட சோறு திண்டிருக்கன்."

அவர் குத்திப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னார். வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் அந்தச் சோற்றை வைத்துத்தானே மடக்கினேன். சோறு கொடுப்பது நன்மை என்று இவ்வளவு நாளும் தலை நிமிர்ந்து திரிந்தேன்.

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் பள்ளிக் கேற்றில் போய் நின்றேன். பெண்கள் அங்கே நிற்பதில்லை. முக்காட்டை இழுத்து விட்டேன்.

"ஹாஜியார், அந்த மீன் என்ட. மோதினார் வேணாமெண்டு சொன்னவர். சோறு குடுக்கிற திமிருல நான்தான் விடவச்ச."

சரீப் ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "இதச் சொல்ல வெள்ளியில இருந்து செவ்வாய் வரைக்கும் எடுத்ததா?"

"ஓம்."

பின்னால் யாரோ, "யன்னலக் கழட்டின வீடுதானே" என்றார்கள். சிரிப்பு. என் வயதுக்கு இப்படி ஒரு சிரிப்பை முதுகில் வாங்கினதில்லை.

"மோதினார் இருக்கட்டும்" என்றார் ஹாஜியார். "மீனுக்கு மீன் குடுங்க. மாப்பு எங்கட்டக் கேக்காதீங்க, அவர்ட்டக் கேளுங்க."

கேட்டேன். ஹாசிம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல உம்மா" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 23, ஞாயிறு

ஒஸ்காரை எல்லாம் நஸீம் பாலாவியில் மீன் வளர்க்கிறவரிடம் கொடுத்துவிட்டு, மீன் குஞ்சு வாங்கி வந்தார். வெந்தய அளவு. இப்போதே ஹவுழில் விட்டால் செத்துப்போகும், வளர்த்துக் கொடுங்கள் என்றாராம் அந்த மனுஷன். அவ்வளவு பெரிய தொட்டியில் விட்டோம். தேடித்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

ஹாசிம் இன்று கரியரை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. யன்னல் பக்கம் நின்று தொட்டிக் குஞ்சுகளை எட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் போகட்டும் உம்மா." அவரே பேசினார்.

மார்ச் 30, ஞாயிறு

கற்பிட்டி ஆட்கள் நாள் குறிக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா நேரே தொட்டிக்குத்தான் போனா. குனிந்து பார்த்தா, நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"இவ்வளவு பெரிய தொட்டிக்குள்ள இதா? எங்க அந்தக் கொழுத்த மீன்?"

நஸீமின் மனைவி, என் மகள், எனக்குக் கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று. குழம்பிப்போனால் ஸுஹைராவின் காரியம் என்னாவது? எனக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் இன்னொரு தரம் பாண் என்று சொல்ல என்னால் முடியாது.

"இது பள்ளிட மீன். நான் வளத்துக் குடுக்கோணும்" என்றேன். ஏன் என்று கேட்டா. கதிரையை இழுத்துப் போட்டு, யன்னலில் இருந்து கேற்று வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவவின் முகத்தைப் பார்க்கவில்லை, தொட்டியைத்தான் பார்த்தேன்.

அவ எழும்பினா. போகப் போகிறா என்றுதான் நினைத்தேன். தொட்டி மேல் இருந்த இரை டப்பாவை எடுத்துத் திறந்தா.

"ஒரு நேரத்துக்கு எவ்வளவு போடுற, மாமி?" என்று கேட்டா.