வசந்தாவை மட்டும் கொத்தும் காக்கை

மே 11, 1997, ஞாயிறு

கத்திரி வெயில். காலை ஏழு மணிக்கே மாடிப்படியில் கால் வைக்க முடியவில்லை. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மோட்டார் போட்டால் குழாயில் காற்று மட்டும்.

இவர் கடைக்குப் போயாச்சு. முகூர்த்த மாதத்தில் தி. நகர் பாத்திரக் கடைக்காரனுக்கு ஞாயிறு ஏது.

சாயங்காலம் கடல்காற்று வந்த பிறகு மொட்டை மாடி. மேல் வீட்டு வசந்தாவும் நானும், வழக்கம்போல். "இன்னிக்கு யாரெல்லாம் வந்தா?" என்று அவள் கேட்பாள். விருந்தாளிகளைக் கேட்பதுபோல் இருக்கும். எங்கள் விருந்தாளிகள் எல்லாம் நாலு காலும் இறக்கையும்தான். இந்த வீட்டுக்குக் குடி வந்த நாளிலிருந்து இதே பேச்சு.

என் கணக்கில்: காலண்டருக்குப் பின்னால் வால் அறுந்த பல்லி. கொடியில் தும்பி. அவள் கணக்கில்: மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டைக் கடந்த கீரி, சமையலறை ஜன்னலில் புறா. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "மோகன் இன்னிக்கு அடையாறு முகத்துவாரத்துல நரி பார்த்தாராம். விடிகாலைல. மணல்ல நின்னுண்டு இவரையே பார்த்துதாம்."

"நரி முகத்துல முழிச்சுட்டாரா? அப்ப அடுத்த மாசம் யோகம்தான்" என்றேன். நாற்பத்தாறு வயசுக்காரிக்குக் கன்னம் சிவக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு.

மோகன் அவள் ஆபீஸ். மனைவி இல்லாதவர். இவளுக்கும் வீட்டுக்காரர் போய் ஏழு வருஷம். ஜூன் 9, திங்கட்கிழமை, ரிஜிஸ்தர் ஆபீஸ் என்று முடிவு; ஆட்டோ சொல்வது என் பொறுப்பு. மயிலாப்பூரில் இருக்கும் அவள் அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார். போகட்டும்.

மே 13, செவ்வாய்

வடாம் பிழிந்தோம். உப்பு தூக்கல், என் கை.

நடுவில், மாடியை ஒட்டிய வேப்பமரத்துக் காக்கைக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு தொப்பென்று மாடியில் விழுந்தது. இறகு முளைக்காத சிவப்புப் பிண்டம், வாய் மட்டும் பெரிசு. வசந்தா முறத்தில் அள்ளி, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று கூட்டில் விட்டாள். கூடு பூராவும் கம்பி. ஹேங்கர் கம்பி, கேபிள் ஒயர். நல்ல எஞ்சினியர் காக்கை.

அவள் இறங்குவதற்குள் காக்கை வந்து உச்சந்தலையில் ஒரு போடு. ரத்தம். மஞ்சள் வைத்து அழுத்தினேன்.

"நல்லது பண்ணினா இப்படித்தான்" என்று சிரித்தாள்.

மே 16, வெள்ளி

லாரி வந்தது. எட்டு குடம். அப்பாடா.

காக்கை இன்றும் வசந்தாவைக் கொத்தியது. நேற்றும். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினம் காலையில் சாப்பிடும் முன் கைப்பிடிச் சுவரில் சாதம் வைப்பவள் அவள். வீட்டுக்காரர் போனதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. சாதம் போட்ட கைக்கு இதுதான் மரியாதை.

கீழே இஸ்திரி வண்டிக்காரர்: "இன்னாமா, மாடில ஒரே காக்கா சத்தமா கீது?"

சொன்னேன்.

பெட்டியை வைத்துவிட்டு யோசித்தார். "அந்தம்மாவ மட்டுமா கொத்துது? அப்ப அது அவங்கூட்டு சாருதான்மா. இன்னாவோ மனசுல வெச்சிக்கினு வர்றாரு."

வாயை மூடிக்கொண்டு புடவையைத் தேயுங்கள் என்றேன். ஆனால் வசந்தா படியில் நின்றுகொண்டிருந்தாள்.

மே 19, திங்கள்

பயந்தபடியே ஆச்சு.

மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அவர்தாண்டி கல்யாணி. அவருக்குப் பிடிக்கலை. ஏழு வருஷமா சாதத்தை எடுத்துண்டு பேசாம போயிண்டிருந்தார். இப்ப நான் இன்னொருத்தர் கையைப் பிடிக்கப் போறேன்னதும் வந்து கொத்தறார்."

"கூட்டுல குஞ்சு இருக்குடி. நீ அதைத் தொட்டுட்ட. அதான்."

"உன்னை ஏன் கொத்தலை?"

"நான் தொடலையே!"

"என் தலையை மட்டும் தேடிண்டு வரதே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிரோட இருந்தப்ப அந்தத் தலையை ஒரு நாள் தடவிக் கொடுத்திருப்பாரா அந்த மனுஷன்? இப்ப கொத்த மட்டும் வந்துட்டாராக்கும்" என்றேன்.

குடையை மடக்கினாள். இறங்கிப் போனாள். என் வாய் இருக்கிறதே, வாய். இதற்குப் பூட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

மே 22, வியாழன்

ஒரு யோசனை. அவள் மஞ்சள் சுங்குடிப் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் கண்ணாடி. அவள் மாதிரியே கொண்டை. சாதக் கிண்ணத்தோடு மாடிக்குப் போனேன். என்னையும் ஒரு கொத்து கொத்தினால் விஷயம் முடிந்தது. அவளைப் படிக்கதவுக்குப் பின்னால் நிற்கவைத்தேன்.

கண்ணாடி வழியாக ஒன்றுமே தெரியவில்லை. தட்டுத்தடுமாறிப் போய்ச் சாதம் வைத்தேன். காக்கை வந்தது. தலையைச் சாய்த்து ஒரு பார்வை. சாவதானமாகச் சாப்பிட்டது. அலகைச் சுவரில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டது. போயிற்று.

"கொத்தேன், சனியனே!" என்று கத்தினேன். எதிர் வீட்டு மாமி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

வசந்தா கதவைத் திறந்து ஒரு அடி எடுத்து வைத்தாள். அவ்வளவுதான், அம்பு மாதிரி இறங்கியது.

தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கே ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிலிர்த்தது. ராத்திரி இவரிடம் சொன்னால், "காக்கா சும்மா கொத்துமா? அந்த அம்மா விஷயத்துல நீ தலையிடாதே" என்கிறார்.

மே 25, ஞாயிறு

கரண்ட் இல்லை. மாடியில் பாய் போட்டுப் படுத்தேன். சிமெண்டின் சூடு பாயைத் தாண்டி முதுகுக்கு வருகிறது, மேலே கடல்காற்று குளிர்ச்சி. கபாலி கோயில் பக்கமிருந்து கிளிகள் கத்திக்கொண்டு போயின. இருட்டத் தொடங்கியதும் பழந்தின்னி வௌவால்கள், அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக அடையாறு நோக்கி. ஆலமரத்துக்குப் போகும் போல. சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் கட்டிடம் நகர்கிறது, வௌவால்கள் நிற்கின்றன என்று தோன்றிவிட்டது.

கண்ணசந்தேன் போலிருக்கிறது. வசந்தா வீட்டு ஹாலில் நரி உட்கார்ந்து டபராவில் காபி ஆற்றுகிறது. அவள் வீட்டுக்காரர் படத்திலிருந்து இறங்கி அதற்குப் பாய் விரிக்கிறார். யாரும் யாரையும் கோபிக்கவில்லை.

விழித்தபோது வசந்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், குடை இல்லாமல். இருட்டியபின் காக்கை வராது.

"மோகன்கிட்ட சொல்லிட்டேன். வேண்டாம்னு."

"என்ன சொன்னார்?"

"சரின்னார்."

வௌவால் இன்னும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பார்த்தோம்.

மே 29, வியாழன்

அடையாறில் நாத்தனார் வீடு. மாம்பழம், ஊறுகாய், ஊர் வம்பு. திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் மோகன். ஷேவ் செய்யவில்லை. சண்டை போடுவார், வழக்காடுவார், என்னைத் தூது அனுப்புவார் என்று நினைத்தேன்.

"அவங்க தலையில காயம் ஆழமாங்க? சீழ் வெச்சிருக்கா?" என்றார்.

முதல் காயம் ஆறிவிட்டது என்றேன்.

"டி.டி. ஊசி போட்டாங்களா?"

இல்லை என்றேன்.

"போடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." பாலத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் காலைல நடக்கப் போறதுகூட விட்டுட்டேன். எதையாவது பார்த்துடுவேன், அப்புறம் யார்கிட்ட சொல்றது?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட்டுக்கு இரண்டு தடவை கேட்டார்.

ஜூன் 2, திங்கள்

பால்காரர் மட்டம். கேஸ் தீர்ந்தது. புக் பண்ண வேண்டும்.

ஊசி போட வைத்தேன். யார் சொன்னது என்று கேட்டாள். டாக்டர் என்று புளுகினேன். நம்பவில்லை.

சாயங்காலம் அவள் மாடிக்கு வருவதில்லை இப்போது. காலையில் சாதத்தை வைத்துவிட்டு, கொத்து வாங்கிக்கொண்டு, ஓடி வருகிறாள். குடை கொண்டு போ என்றால், "வாங்கிக்கறேன். என் தப்புதானே" என்கிறாள். இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

இன்று: மரங்கொத்தி. தென்னை மரத்தில், முதுகு பொன் நிறம். இந்தத் தெருவில் நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமே வரவில்லை. "யாரெல்லாம் வந்தா" என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் மரங்கொத்தி வந்தால் என்ன, மயில் வந்தால் என்ன. மோகன் சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

ஜூன் 7, சனி

காலையில் மேகம். மழை இல்லை.

துணி உலர்த்த மாடிக்குப் போனேன். வசந்தா சாதக் கிண்ணத்தோடு வந்தாள். கொத்து விழுந்தது. தலையைத் தேய்த்துக்கொண்டு திரும்பியவள் நின்றுவிட்டாள். காக்கை சாதத்தை விழுங்கவில்லை. அலகு நிறைய எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்தது.

அங்கே ஒரு குஞ்சு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, நீள வால். வாயைப் பிளந்துகொண்டு ஒரே கத்தல். காக்கை அதன் தொண்டைக்குள் அலகை விட்டு ஊட்டியது. திரும்பி வந்தது, எடுத்தது, ஊட்டியது.

"இது என்னடி? காக்காக் குஞ்சு மாதிரி இல்லையே?"

"குயில். பொட்டைக் குயில். முட்டையை வெச்சுட்டுப் போயிடுமே, படிச்சிருக்கோம்ல."

"படிச்சிருக்கேன். பார்த்ததில்லை."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காக்கை போவதையும் வருவதையும் ரொம்ப நேரம் பார்த்தாள். அதுவும் மெலிந்துபோயிருந்தது, கழுத்தில் இறகே சரியாக இல்லை. குஞ்சுக்குப் பசி அடங்கவே இல்லை.

"நான் கெஞ்சினேன்டி" என்றாள். "வருஷக்கணக்கா கெஞ்சினேன். நமக்குத்தான் பொறக்கலை, ஒரு குழந்தையை எடுத்துண்டு வந்து வளர்க்கலாம்னு. அவருக்குத் தெரியாம போய் ஒரு பொண்ணைப் பார்த்துட்டுக்கூட வந்தேன். என் விரலைப் பிடிச்சுண்டு விடவே மாட்டேன்னுது. ஆத்துக்கு வந்து சொன்னேன். ஊரான் குழந்தைக்கு நான் எதுக்கு சாதம் போடணும்னார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னுட்டார்."

இருபது வருஷமாகச் சிநேகிதி. குழந்தை இல்லை என்று தெரியும். இது தெரியாது. அந்த மனுஷன் படத்துக்கு நானே எத்தனை தடவை பூ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

வசந்தா எழுந்தாள். காக்கையை நேராகப் பார்த்தாள்.

"இது அவர் இல்லடி. செத்துப்போனாலும் அவர் இதைப் பண்ணமாட்டார்."

காக்கை திரும்பவும் இறங்கியது, அவள் தலைக்கு. குனியவில்லை, கையால் மறைக்கவும் இல்லை.

"கொத்து" என்றாள் அதனிடம். "நன்னா கொத்து. குழந்தைக்காகக் கொத்தறே. நீ யாரோ என்னவோ." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், கண்ணிலிருந்து கொட்டுகிறது. மிச்சச் சாதத்தையும் சுவரில் வழித்து வைத்தாள்.

நான் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

படி இறங்கப் போனவள் பாதியில் திரும்பினாள்.

"திங்கக்கிழமைக்கு ஆட்டோ சொல்லியிருந்தியே. வேண்டாம்னுட்டியா?"

"இல்ல. ஒன்பதுக்கு வரும்."

"எட்டரைக்கே வரச் சொல்லு. மோகன்கிட்ட நானே சொல்லிக்கறேன். நேரமாச்சுன்னா அங்க கூட்டம் சேர்ந்துடும்."