டிராகன் வீட்டுப் பிள்ளை

8 செப்டம்பர் 1991, ஞாயிறு

கிள்ளான் பஸ் இன்றும் தாமதம். பிரிக்பீல்ட்ஸில் கென் வீட்டை அடைந்தபோது தம்புசாமியும் மார்க்கிரட்டும் மேசையில் பகடையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, பகடை உருட்டி நகர்த்தும் கதை விளையாட்டு; கதையை நடத்துகிறவன் கென். முழுப் பெயர் கனகசபை, சட்டம் படிக்கிறான், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான்.

நவம்பரில் சுபாங் ஜெயாவில் ஒரு விளையாட்டுக் கடையில் போட்டி. ஒரு மேசை ஒரு குழு, மேசைக்கு மூன்று பாத்திரங்கள். அதில் ஒன்று பாதி டிராகனாக இருக்க வேண்டும். எப்படி உருவாக்குவது என்பது அவரவர் பாடு.

"அது எனக்கு" என்றேன். யாரும் மறுக்கவில்லை.

பாத்திரத்தின் விவரத் தாளில் இனம் என்ற இடத்தில் "அரை நாகம்" என்று எழுதினேன். மலாய்ப் பள்ளியில் படித்தவளுக்கு நாகா என்றால் டிராகன்தான். தம்பு எட்டிப் பார்த்தான். "அரை நாகமா? மேல் பாதி பாம்பா, கீழ்ப் பாதி பாம்பா? கீழ்ப் பாதின்னா காலே இல்ல, சிலுவார் தைக்கிற செலவு மிச்சம் லா." மார்க்கிரட் சிரித்ததில் தேநீர் தாளில் கொட்டியது.

சிரிக்கட்டும். இந்தப் போட்டியில் உட்கார்ந்தே தீருவேன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியும் பல்கலைக்கழகத்தில் எனக்கு நாற்காலி இல்லை. போர்ட் கிள்ளானில் சரக்குக் கம்பெனியில் பைல் அடுக்குகிறேன். எங்காவது ஒரு மேசையில் என் இடம் என்னுடையதாக இருக்க வேண்டாமா?

15 செப்டம்பர்

இரண்டு வழிகள் மேசைக்கு வந்தன.

கென்னுடையது இரத்த வழி. அப்பனோ ஆத்தாளோ டிராகன். செதில், நெருப்பு மூச்சு எல்லாம் முதல் நாளே கையில். ஆனால் மற்றவர்கள் இரண்டு படி ஏறும்போது நீ ஒரு படிதான் ஏறுவாய். பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி: பிறக்கும்போதே எல்லாம் உண்டு, அப்புறம் வளர்ச்சி இல்லை.

மார்க்கிரட் சொன்னது பயிற்சி வழி. சாதாரண மனுஷியாகத் தொடங்கி, படிக்குப் படி டிராகன் வித்தையைக் கற்றுக்கொள்வது. கடைசியில் பலம் அதிகம், கடைசிவரை உயிரோடு இருந்தால். பரீட்சை எழுதி முன்னேறு என்று வாத்தியார் சொல்வாரே, அந்தக் கதை. எழுதித்தான் பார்த்தேனே.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

6 அக்டோபர்

கென்னின் அம்மா கனகேஸ்வரி ஆன்டி பலகாரத் தட்டோடு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உங்கட அம்மா சீனத்தியோ?"

"தமிழச்சி ஆன்டி. பெத்தவங்கதான் சீனவங்க."

"அப்ப நீர் பாதி."

பாதி! கோபத்தில் வாய்க்குள் முறுக்கு நொறுங்கியது. என் அம்மா வள்ளியம்மாவைப் பெண் குழந்தை என்பதற்காகப் பிறந்த கையோடு காப்பாரில் ஒரு தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுக்குச் சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. திட்டுவது, கும்பிடுவது, கணவனோடு சண்டை பிடிப்பது எல்லாம் தமிழில்தான். அவளில் எது பாதி?

ஆன்டி உள்ளே போனதும் சொன்னேன். "என் ஆளு மனுஷக் குழந்தை. டிராகன் எடுத்து வளர்த்தது. இரத்தமும் இல்ல, பயிற்சியும் இல்ல. அந்த வீட்டுப் பிள்ளை. அவ்வளவுதான்."

கென் புத்தகத்தை மூடினான். "அது வளர்ப்பு, கலா. பாதி டிராகன் இல்ல. செதில் உண்டா? நெருப்பு? ஒண்ணும் இல்லையே, எதை வச்சு டிராகன்னு சொல்றது?"

"அந்த பாஷை தாய்ப்பாலோட வந்தது. அந்த வீட்டு முறை தெரியும்."

"முறையை வச்சு என்ன செய்வ, சண்டைல?"

தாளைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அவன் கேட்டது இன்னும் எரிகிறது.

9 அக்டோபர்

பாசாரில் மீன்காரர் அம்மாவிடம் சீனத்தில் பேசினார். அம்மா தமிழில் விலை கேட்டாள். "சீன முகம், சீனம் தெரியாது, மாலு லா" என்றார், வெட்கக்கேடு என்று. பக்கத்தில் நின்ற நம்மவள் ஒருத்தி, "சீனத்தி என்னமா தமிழ் பேசுது பாரேன்!" என்றாள், கிளி பேசினதுபோல.

அம்மா மீனை மட்டும் பார்த்தாள். செவுளைத் தூக்கி, "நேத்து மீனு" என்று வைத்துவிட்டு நடந்தாள்.

20 அக்டோபர்

மூன்று வழியையும் ஒத்திகை பார்த்தோம். கென்னின் இரத்தக்காரன் எதிரிகளை ஊதியே எரித்தான். மார்க்கிரட்டின் ஆள் தட்டுத் தடுமாறித் தப்பினாள். என்னுடையவள் முதல் சண்டையிலேயே செத்தாள்.

"சொன்னேன்ல" என்றான் கென். தீபாவளிக்குள் அவள் ஒரு ஒத்திகையிலாவது பிழைக்காவிட்டால் பாத்திரம் மார்க்கிரட்டுக்குப் போகும்.

தாளில் உள்ள பலத்தின் எண்களை வைத்துப் பார்த்தால் அவன் சொல்வது சரி. என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன்.

22 அக்டோபர்

மட்டி! அவளுக்குக் கத்தியைக் கொடுத்தது நான். செதில் இல்லாதவளைச் செதில்காரன் மாதிரி சண்டைக்கு அனுப்பினால் சாகாமல் என்ன செய்வாள்?

27 அக்டோபர்

கத்தியை எடுத்துவிட்டேன். சண்டைத் திறமைக்கு இருந்த எண்களையெல்லாம் பேச்சிலும் காதிலும் மூக்கிலும் போட்டேன். ஒத்திகையில் குகைக் காவலனோடு பேசியே உள்ளே போனாள். பிழைத்தாள்.

"ஃப்ளூக், குருட்டு அதிர்ஷ்டம்" என்றான் கென். ஆனாலும் தாளில் கையெழுத்துப் போட்டான்.

24 நவம்பர், ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கடைக்காரர் லிம்தான் கதை நடத்தினார். எல்லா மேசைக்கும் ஒரே கதை: மலைக்குள் ஒரு கிழட்டுப் பெண் டிராகன், அதைத் தாண்டித்தான் வெளியே வழி. எங்களுக்கு முன்னால் அம்பாங் மேசை. அவர்களுடைய இரத்தக்காரன் நெருப்பை ஊதினான். தன் குகையில் இன்னொருவன் ஊதுவதா என்று கிழவி அவனை நசுக்கினாள். அடுத்த மேசைக்கும் அதே கதி.

எங்கள் முறை. தம்புவின் வீரன் வாளை உருவப் போனான். அவன் கையைப் பிடித்தேன், நிஜக் கையை.

லிம் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார். "யூ ஸ்மெல் லைக் டிராகன். பட் நோ ஸ்கேல். ஹூ ஆர் யூ?" டிராகன் வாடை அடிக்கிறது, செதில் இல்லையே, யார் நீ என்று.

ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். வந்தது தமிழ்தான். "பெரியம்மா, நான் உங்க தங்கச்சி வளர்த்த பொண்ணு. ரொம்ப தூரம் நடந்து வந்தோம். பசிக்குது."

"வாட்? வாட்?" என்றார் லிம். ஆங்கிலத்தில் சொன்னேன், அம்மாவின் அக்கா என்று.

"அய்யோ, துவா ஈ!" மேசையைத் தட்டினார். அவர்களுடைய ஹொக்கியன் சீனத்தில் பெரியம்மாவுக்கு அதுதான் பெயராம். ஆங்கிலத்தில் அவர் கத்தியதைத் தமிழில் எழுதுகிறேன்: "துவா ஈ கிட்ட போயி பசிக்குதுன்னு சொல்லிட்டா! எப்படி லா சாப்பிடறது இவளை? சோறு போட்டுத்தான் ஆகணும்!"

என் பேச்சு பலிக்குமா என்று உருட்டிப் பார்க்கப் பகடையைக் கையில் எடுத்திருந்தேன். "நோ நீட், நோ நீட்" என்று கையாட்டினார்.

மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்த மேசை எங்களுடையது மட்டும். தம்பு கடை முழுக்கக் கேட்கக் கத்தினான், "கிள்ளான்காரி டா!"

ஆமாம். கிள்ளான்காரிதான். வள்ளியம்மா மகள்.

1 டிசம்பர்

கென் மூன்றாவது வழியை டைப் அடித்துக்கொண்டு வந்திருந்தான். சுபாங் மேசைக்காரர்கள் கேட்டார்களாம். "சண்டைன்னு வந்தா என் வழிதான் பலம்" என்றான்.

"தெரியும்."

"அடுத்த கதைய நீ நடத்து. எனக்கும் ஒரு வளர்ப்புப் பிள்ளை வேணும்."

அவன் தாளில் வளர்ப்பு என்ற சொல்லை அடித்துவிட்டு, "வீட்டுப் பிள்ளை" என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முதல் முறையாக முழுக் கதையையும் சொன்னேன். யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஊசி. குகை, டிராகன், செதில் எதற்கும் நிமிரவில்லை. முடித்ததும் ஊசியை எடுத்தாள்.

"அந்தப் பெரியம்மா சோறு போட்டாளா?"

"போட்டாம்மா."

"அப்ப சரி" என்று மெஷினை மிதித்தாள்.