எட்டுக் கொம்பு ரவுட்டரும் என் தையல் வகுப்பும்

அன்பு மகனுக்கு,

எட்டுக் கொம்பு முளைத்த ஒரு பொய்யை யாரோ உன் தலையில் கட்டியிருக்கிறார்கள், நீ அதை அப்படியே எங்கள் தலையில் கட்டிவிட்டாய். மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முட்டிவலி அவரைவிடப் பிடிவாதமாக இருக்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன்.

"வகுப்புல படம் இன்னும் நிக்குதாம்மா, நான் அனுப்பின ரவுட்டரைவிடப் பெரிசா ஒண்ணு வாங்கி அனுப்புறேன்" என்று நேற்றுச் சொன்னாயே, வாங்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். முதலில் உன் அப்பா செய்த காரியத்தைக் கேள். அவரிடம் நீ விலையைச் சொல்லியிருக்கக் கூடாது. இவ்வளவு விலை கொடுத்த சாமானை வெளியில் வைக்கலாமா என்று அதை இரும்பு பீரோவுக்குள் வைத்து, பின்பக்கத் தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே இழுத்து, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இரும்புக்குள் அடைத்தால் எந்த அலை வெளியே வரும். அன்றைக்குப் போன் வழியாக நடத்துகிற வகுப்பில் சட்டைக்குக் கழுத்து வெட்டக் காட்டிக்கொண்டிருந்தேன், திரையில் என் கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது, என்னிடம் படிக்கிற மருந்துக்கடைக்காரி நான் இன்னும் வெட்டச் சொல்கிறேன் என்று நினைத்து வெட்டிக்கொண்டே போய்விட்டாள். கழுத்து தொப்புளுக்கு வந்துவிட்டது. "டீச்சர், இதை முன்னால போடுறதா பின்னால போடுறதா" என்று கேட்கிறாள். சிரித்துத் தொலைத்தேன், ஆனால் இந்த வாரமும் படம் நின்றால் விலகிக்கொள்வதாக அவளும் இன்னொருத்தியும் சொல்லிவிட்டார்கள். வயதாகிவிட்டது என்று ஆலையில் என்னை வெளியே அனுப்பியபிறகு நானாக உண்டாக்கிக்கொண்ட வேலை இது, ஒரு டப்பாவுக்காக அதை விடமாட்டேன்.

பீரோவிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்தும், இரண்டு சுவர் தாண்டி இருக்கிற மெஷின் அறையில் படம் விக்கி விக்கித்தான் வருகிறது. சரி, எதை வாங்குவது என்று நானே தெரிந்துகொள்ள அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கேள்வி கேட்பது நான், கடைக்காரன் பதில் சொல்வது அப்பாவுக்கு, அப்பாவோ கூரையைப் பார்க்கிறார். "உங்க வீட்ல இருக்கிறது ஐயாயிரத்து நானூறு, இது ஏழாயிரத்து எண்ணூறு, பெரிசா எடுத்துக்குங்க சார்" என்றான். எது ஏழாயிரம் என்றேன், வேகம் என்றான். பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். உள்ளே இரண்டு அலை, இரண்டின் வேகத்தையும் கூட்டி முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். என் போன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே பிடிக்கும். மார்பளவையும் இடுப்பளவையும் கூட்டி எழுபத்தைந்து அங்குலச் சட்டை என்று நான் விற்றால் ஏமாற்றுக்காரி என்பார்கள், இவர்கள் விற்றால் அதற்குப் பெயர் தொழில்நுட்பம். அதுவும் போக, வீட்டுக்கு வருகிற இணைப்பின் வேகமே நூறுதானே தம்பி, ஏழாயிரத்தை வைத்து என்ன செய்ய என்று கேட்டேன். அவன் அப்பாவைப் பார்த்து, "அம்மா என்ன சார் வேலை பாக்குறாங்க" என்றான்.

வேறு வழியில்லாமல் அவன் வாயிலிருந்தே மிச்சத்தையும் பிடுங்கிவிட்டேன். வேகமான அலை ஒரு சுவரிலேயே களைத்துவிடும், மெதுவான அலைதான் சுவர் தாண்டும், என் வகுப்புக்கு அதுவே தாராளம். நீ இரண்டு அலைக்கும் ஒரே வைஃபை பெயர் வைத்திருப்பதால் என் போன் களைத்ததையே பிடித்துத் தொங்குகிறது. தனித்தனிப் பெயர் வைத்தால் தீர்ந்தது, புதிதாக எதுவும் வேண்டாம். அதற்கு ரவுட்டரின் செட்டிங்குக்குள் போக வேண்டும், உள்ளே போகிற கடவுச்சொல் உன்னிடம் இருக்கிறது. கேட்டால், "நீங்க எதையாவது அமுக்கிக் கெடுத்துடுவீங்கம்மா" என்கிறாய். தையல் மெஷின் மோட்டாரையே பிரித்துப் பூட்டுகிறவள் நான், அறுந்த பித்தானை ஊக்கு குத்தி மறைக்கிறவன் நீ.

நோய்நொடி இல்லாமல் மனசுக்குப் பிடித்தபடி நன்றாக வாழ வேண்டும் கண்ணு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன்னை இன்னும் நம்புகிற
அம்மா

வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கிறது. கடவுச்சொல் என்ன?