சீதாவின் கனவுக்கு ஓர் எண்

காஜா பேராங், மலாக்கா
3.11.1957

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தங்கை சாரதாம்பாள் எழுதுவது. சிரம்பானில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். அதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் சீதாவை அதிர்ஷ்டக்காரி என்று பெருமையடித்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவள் அப்பா சாப்ஜிக்கி கட்டுகிறார். பன்னிரண்டு எண்களில் ஒன்றுக்குப் பணம் வைக்கும் அந்தச் சூதாட்டம்தான். இங்கே பலரும் கண்ட கனவுக்கு எண் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். பாம்புக்கு ஓர் எண், மீனுக்கு ஓர் எண். மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்தின வாரம் சீதா வெள்ளைப் பாம்பைக் கண்டதாகச் சொன்னாள். விளையாட்டாகக் கட்டினார், விழுந்துவிட்டது. என் நீலச் சேலை அந்தப் பணத்தில் வந்ததுதான். போனஸ் என்று உங்களுக்கு கை கூசாமல் எழுதினேன்.

அன்றிலிருந்து தினமும் குழந்தை கண் திறக்கும் முன்பே பாய் ஓரத்தில் போய் உட்கார்ந்து, என்னம்மா கண்டே என்று கேட்பார். எட்டு வயதுப் பெண்ணுக்குத் தினமும் கனவு வருமா? இவளாகவே இட்டுக்கட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். எண் விழாத அன்று அவர் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். சோற்றைத் தொடாமல் எழுந்துவிடுவார். அதைப் பார்த்து இவளும் கையைக் கழுவிவிடுவாள்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவர், நாலு பேர் மதிக்கிறவர் என்று இவ்வளவு நாள் மூடி மறைத்தேன். வளையல் அடகுக்குப் போயிற்று. எங்கே என்றால் அழுக்கெடுக்கக் கொடுத்திருக்கிறேன் என்று பக்கத்து வீட்டு ஷரீஃபாவிடம் சொன்னேன். அவள் அதன்பின் ஒன்றும் கேட்காமல் தினமும் ஒரு கிண்ணம் குழம்பு அனுப்புகிறாள். அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க என்னால்தான் முடியவில்லை.

போன வாரம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். சீதா வகுப்பில் தூங்குகிறாளாம். வீட்டுக்கு வந்து விசாரித்தேன். ராத்திரியில் தூங்கப் பயமாம், தப்பான கனவு வந்தால் அப்பா சாப்பிட மாட்டாராம். எனக்கு நல்ல கனவே வரமாட்டேங்குதும்மா, ஷரீஃபா அக்கா வீட்டுப் பாப்பாகிட்ட கேக்கச் சொல்லுங்க அப்பாவை என்றாள்.

அக்கா, இதைக் கேட்ட பிறகும் நான் ஒன்று செய்தேன். நேற்று முன்தினம் அவர் வேலையாக ஜொகூர் போயிருந்தார். காலையில் சாப்ஜிக்கி சீட்டு எழுதுகிறவன் பின்வாசலில் வந்து நின்றான். வளையலை மீட்டுவிடலாம் என்று ஓர் ஆசை. நானே பாய் ஓரத்தில் போய் உட்கார்ந்து, என்னம்மா கண்டே என்று கேட்டேன். குழந்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மீன் என்றாள். நானும் கட்டினேன்.

வரும் சனிக்கிழமை அவளை பஸ்ஸில் கூட்டி வருகிறேன். படிப்பு கொஞ்ச நாள் தடைப்பட்டாலும் பரவாயில்லை, உங்களிடம் இருக்கட்டும். அவரிடம் சொல்லிவிட்டேன், தலையைக் குனிந்துகொண்டார். அவர் பணம் கேட்டு எழுதினால் அத்தான் கொடுக்க வேண்டாம். முடிந்தால் ஒரு தடவை வந்து அவரிடம் பேசட்டும். என்னையும் கண்டிக்கட்டும்.

காலையில் எழுந்ததும் சீதா ஏதாவது கனவு சொல்ல வருவாள். பழகிவிட்டது, கோபிக்காதீர்கள். சரி என்று கேட்டுக்கொண்டு, முகம் கழுவிவிட்டுப் பசியாற வையுங்கள். என்ன கனவு சொன்னாலும், அத்தானை அவள் எதிரில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
சாரதாம்பாள்