சவுக்குக் கம்பில் கட்டிய பிராது

பனிமலைக்குக் காவலுக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்த என் மாமாவுக்கு,

போனில் பேசும்போதெல்லாம் "சாப்டியா மாமா?" என்றுதான் தொடங்குவேன். இப்போது அப்படித் தொடங்கினால் நீயே சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உனக்காகப் பழி வாங்கத் தொடங்கிவிட்டேன்.

நம் தலைவரை நினைவிருக்கிறதா? நீ லீவில் வந்திருந்தபோது ஓட்டுக் கேட்டு வந்து, உன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டாரே, அவர்தான். பேர் எழுத மாட்டேன். என் கை அவ்வளவு கேவலப்படவில்லை.

உன்னைப் புதைத்த ஈரம் காயவில்லை, கீரப்பாளையத்தில் கூட்டம் போட்டு அந்த ஆள் பேசினார். "சீனாக்காரன் நம்ம பக்கம் தல வெச்சிக்கூடப் படுக்கல. பாற சரிஞ்சிது, தம்பி கொளஞ்சி வழுக்கி உழுந்துட்டாரு. இத ஊதிப் பெருசாக்காதீங்க." அப்போது அவர் கட்சி டெல்லியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லையில் ஆபத்து என்று சொன்னால் கூட்டணிக்கு ஆபத்து.

உன்னோடு நின்ற சிப்பாய் தம்பி நம் வீட்டுக்கு வந்து, அத்தை காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அவுங்க கல்லும் கம்பியுமா வந்தாங்கம்மா. அண்ணன் என்ன இழுத்துப் பின்னால தள்ளிட்டு முன்னால போனாரு" என்றான். நீ எதற்கு முன்னால் போனாய், மாமா? இதற்கு மட்டும் இன்னும் உன் மேல் கோபம் இருக்கிறது.

ஆனால் ஊர், சிப்பாய் சொன்னதைக் கேட்குமா, மைக்கில் சொன்னதைக் கேட்குமா? ரேஷன் கடை வரிசையில் என் காதுபடவே ஒருத்தி கேட்டாள். "வழுக்கி உழுந்தவருக்கு எதுக்குக் கொடி போத்துனாங்க?" அன்றைக்கு அரிசி வாங்காமல் வந்துவிட்டேன். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அத்தை ஒரே பிடியாக நின்றாள். "உருத்தாசலம் போயி கொளஞ்சியப்பரு வேலுல அந்த ஆளு மேல பிராது எழுதிக் கட்டிடுவோம். சாமி பேரத்தானே புள்ளைக்கி வெச்சேன், சாமி கேக்கட்டும்" என்றாள். நான்தான், பார்க்கலாம் அத்தை என்று தள்ளிப்போட்டேன்.

இப்போது நான் சிதம்பரத்தில் ஒரு பேனர் கடையில் டிசைன் போடுகிறேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான். தேர்தல் வந்தால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. இந்தத் தேர்தலில் நம் தலைவர் கூட்டணி மாறிவிட்டார். கூட்டணி மாறியதும் சீனாக்காரனும் மாறிவிட்டான். "எதிரி நம்ம வாசல்ல நிக்கிறான்! ஆட்சியில இருக்கறவன் தூங்குறான்! எங்க கொளஞ்சி நெஞ்சக் குடுத்துத் தடுத்தான்!" என்று கடலூர் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறார்.

அவருடைய ஆள், எல்லாரும் ஒன்றியம் என்று கூப்பிடும் ஒன்றியச் செயலாளர், உன் படத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தார். மேடைக்குப் பின்னால் கட்டப் பெரிய பேனர் வேண்டுமாம். நான் யாரென்று தெரிந்ததும் அவருக்கு லாட்டரி அடித்த மாதிரி முகம்.

"தங்கச்சி, நீயும் மேடைக்கு வந்துடு. தலைவரு கையால சால்வ போத்துவாரு. ஒண்ணும் பேச வேணாம், அழுதா போதும்."

"வரேண்ணே" என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. கட்சிக்காரன் பேனரை வாசிக்க மாட்டான், தலையைத்தான் அளப்பான். ஒன்றியமும் ஸ்கிரீனில் விரலை வைத்து அளந்தார். "தலைவரு மூஞ்சி இன்னும் ஜாஸ்தி பண்ணு. மாவட்டம் என்ன வட்டச் செயலாளர விடச் சின்னதா இருக்காரு? கோச்சிக்குவாரு. என் படம் ஓரத்துல வெட்டாம வருமில்ல?" எல்லாத் தலையும் சரியாக வந்ததும் ஓகே என்று எழுந்துவிட்டார். எழுத்து அவர்களுக்குத் தலைகளுக்கு நடுவே உள்ள சந்துகளை அடைக்கிற சாமான்.

அந்தச் சந்தில் நான் இரண்டு வரி வைத்திருந்தேன், மாமா. மஞ்சள் எழுத்தில், நன்றாகப் பெரிதாக. "சீனாக்காரன் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை, கொளஞ்சி வழுக்கி விழுந்தார்: கீரப்பாளையத்தில் தலைவர்." அதற்குக் கீழே, "எதிரி வாசலில் நிற்கிறான், கொளஞ்சி நெஞ்சைக் கொடுத்தான்: கடலூரில் தலைவர்." இரண்டும் அவர் திருவாய் மலர்ந்தவை. என் சொல் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் கூட்டம். பின்னால் நட்ட சவுக்குக் கம்புகளில் பேனரை வரிந்து கட்டியிருந்தார்கள். நான் நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். தலைவர் பேசப் பேச முன்வரிசையில் ஒருத்தர் பேனரைச் சத்தமாக வாசித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போனது. தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து அந்த ஆள் கும்பிடு வேறு போட்டார்! பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், மாமா.

நான் எழுந்து மைக்கிடம் போனேன். "ஐயா, எங்க ஊட்டுக்காரு வழுக்கி உழுந்தாரா, அடிச்சிக் கொன்னாங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"தங்கச்சி துக்கத்துல இருக்குது, தண்ணி குடுங்கப்பா" என்றார். மைக் செத்துப்போனது. பேனரைக் கிழித்தார்கள். ஆனால் அதற்குள் கூட்டத்தில் இருந்தவர்கள் போனில் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் ஒன்றியம் கடைக்கு வந்து குதித்தார். முதலாளி அசரவில்லை. "பாத்து ஓகே சொன்னது நீங்கதானே அண்ணே?" என்றார். எனக்கு வேலை போகவில்லை. போயிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

அத்தை அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். "பிராது கட்டிட்டியேடி" என்றாள்.

இப்போது அந்த ஆள் எந்த மேடை ஏறினாலும் முதலில் பின்னால் திரும்பிப் பேனரை வாசிக்கிறாராம். ஊரே சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும், எனக்கு அது போதாது. அவரைத் தோற்கடிப்பது ஜனங்கள் பாடு. என் கணக்கு வேறு.

பிராது கட்டினவர்கள்தான் அதை வாபஸ் வாங்க வேண்டும், தெரியுமில்லையா? கீரப்பாளையத்தில் அதே இடத்தில் நின்று, "கொளஞ்சி வழுக்கி விழவில்லை, நான்தான் பொய் சொன்னேன்" என்று அவர் வாய் சொல்கிற வரைக்கும் நான் வாங்க மாட்டேன். அந்தக் கொளஞ்சியப்பரே வந்து கேட்டாலும் மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் மாமன் மகள், உன் பெண்டாட்டி,
வளர்மதி